நாற்பது டிகிரியில் ஓர் ஆசனம்

அமீரகத்தில் ஜூன் 15 வந்துவிட்டால் கட்டுமான சைட்டுகளின் கால அட்டவணை மாறிவிடும். அன்று முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை, நேரடி வெயிலில் திறந்தவெளி வேலை வாங்கக் கூடாது. 2005 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹம் வரை அபராதம். அடுத்த ஆறாவது நாள், ஜூன் 21, சர்வதேச யோகா தினம். துபாயிலும் அபுதாபியிலும் தோஹாவிலும் ஆயிரக்கணக்கானோர் பாயை விரிக்கும் நாள்.

வெயிலுக்கு அஞ்சி வேலையையே நிறுத்தும் அதே ஊரில், ஏசி ஓடும் கட்டடத்துக்குள் ஓர் அறையில் மட்டும் ஹீட்டரைப் போட்டு, கதவைச் சாத்தி, வியர்க்க வியர்க்க ஆசனம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஹாட் யோகா’ என்று பெயர். உடம்பு வளைந்து கொடுக்கிறது, மனசு லேசாகிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று விரும்பிப் போகிறவர்கள் பலர். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் வளைகுடாவில் அந்த அறைக்குள் போகிறவர் கையில் தண்ணீர் பாட்டில் இருப்பது மட்டும் போதாது. வேறு சிலவும் வேண்டும்.

யோகா வளைகுடாவுக்கு இன்று அந்நியம் அல்ல. சவூதி அரேபியா 2017 நவம்பரில் அதை ஒரு விளையாட்டுப் பயிற்சியாக அங்கீகரித்தது. அதற்காக உழைத்த நௌஃப் மர்வாய்க்கு 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. குவைத்தில் உரிமம் பெற்ற முதல் யோகா நிலையத்தைத் தொடங்கிய ஷேக்கா ஏ.ஜே. அல் சபாவுக்கு 2025-இல் அதே விருது கிடைத்தது. 2022 மார்ச்சில் தோஹாவில் நடந்த ஒரே வகுப்பில் 114 நாட்டவர் சேர்ந்து ஆசனம் செய்தது கின்னஸ் சாதனையானது.

சூடான அறை மட்டும் பிற்காலச் சேர்க்கை. அதைப் பரப்பியவர் கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி. யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷிடம் பயின்ற அவர், 1970-களில் அமெரிக்காவுக்குப் போய் 26 ஆசனங்களையும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளையும் ஒரே வரிசையாக அடுக்கினார். வகுப்பு 90 நிமிடம். அறை வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 40.6 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 40 சதவீதம். பின்னாளில் பாலியல் புகார்களாலும் வழக்குகளாலும் அவர் பெயர் கெட்டது. ஆசன வரிசைக்கு அவர் கேட்ட பதிப்புரிமையையும் 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. சூடான அறை மட்டும் உலகமெங்கும் நிலைத்துவிட்டது. இப்போது பல நிலையங்கள் 32 முதல் 38 டிகிரிக்குள் வைத்து, ஒரு மணி நேரத்தில் முடிக்கின்றன.

பழைய ஹட யோக நூல்கள் இந்த விஷயத்தில் எச்சரிக்கையாகவே இருந்தன. சுமார் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேரண்ட சம்ஹிதை, கடுங்கோடையிலும் மழையிலும் குளிரிலும் யோகப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தொடங்குங்கள் என்கிறது.

உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடல் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அறை 40 டிகிரியாக இருந்தால் கதை தலைகீழ்: காற்றுதான் உடலைச் சூடாக்கும். அப்போது மிஞ்சும் ஒரே வழி வியர்வை. அதுவும் ஆவியானால்தான் பலன். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஈரப்பதம் மிகுந்த அறையில் வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் சொட்டுகிறது. பாய்மேல் விரித்த டவல் நனைந்து கனக்கிறது. ‘எவ்வளவு வியர்த்தேன் பார்’ என்று பெருமைப்படும் அந்த வியர்வையில் பெரும்பகுதி உடலைக் குளிர்விக்கவே இல்லை. உப்பையும் நீரையும் இழந்ததுதான் கண்ட பலன்.

கடலோரத்தில் வாழும் வளைகுடா மக்களுக்கு இது அன்றாட அனுபவம். அமீரகத்தின் ஸ்வெய்ஹானில் 2025 மே 24 அன்று 51.6 டிகிரி பதிவானது. அது பாலைவன உட்பகுதி; உலர்ந்த சூடு. ஆனால் உடலைத் திணறடிப்பது கடற்காற்றின் புழுக்கம். சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை வெப்பமே, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பமே, 35 டிகிரியைத் தொட்டது. அந்த அளவு ஈரம் நிறைந்த காற்றில் தோலிலிருந்து வியர்வை ஆவியாக வழியே இல்லை. ராஸ் அல் கைமாவிலும் மனித உடல் தாங்கும் எல்லையை ஒட்டிய சூடும் ஈரமும் சில மணி நேரம் சேர்ந்து பதிவானதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கத்தாரின் சட்டம் இந்த இரட்டைத் தாக்குதலைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் அளவீடு ஒன்று உண்டு. அந்த எண் 32.1-ஐத் தாண்டினால், மணி என்னவானாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று 2021-இல் கத்தார் விதி செய்தது. பிக்ரம் வகுப்பின் 40.6 டிகிரியையும் 40 சதவீத ஈரப்பதத்தையும் அதே அளவீட்டில் போட்டுப் பார்த்தால் வருவது சுமார் 32.5. அதாவது, கத்தாரில் கட்டுமானத் தொழிலாளியை வேலை செய்யவிடக் கூடாத வெப்பத்தில்தான் அந்த வகுப்பு நடக்கிறது. தொழிலாளிக்கு அது நாள் முழுதும், மாதக் கணக்கில்; யோகா மாணவிக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் ஆதரவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாக ஆய்வாளர்கள் 2015-இல் இதை அளந்தே பார்த்தார்கள். வழக்கமாகப் பிக்ரம் யோகா செய்யும் 20 பேரை 90 நிமிட வகுப்பில் சேர்த்து, உடலின் உள்வெப்பத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். உச்ச அளவு ஆண்களுக்குச் சராசரியாக 39.5 டிகிரிக்கு மேல், பெண்களுக்கு ஏறக்குறைய 38.9. ஒருவருக்கு 40 டிகிரியையே தாண்டிவிட்டது. ஹீட் ஸ்ட்ரோக் என்று மருத்துவர்கள் அஞ்சத் தொடங்கும் எல்லை அது. கவலைக்குரிய சேதி இன்னொன்று: அந்த 20 பேரில் எவரும் வெப்பம் தாங்கவில்லை என்பதற்கான அறிகுறி எதையும் காட்டவில்லை. உள்ளே ஏறும் சூட்டை உடல் அவ்வப்போது சொல்லிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. வகுப்பை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள், அறை வெப்பத்தைக் குறையுங்கள், நடுவில் தண்ணீர் குடிக்க விடுங்கள் என்பது ஆய்வாளர்களின் பரிந்துரை.

இவ்வளவு சூட்டுக்கும் கூடுதல் பலன் உண்டா? டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டேசி ஹண்டர் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர வயதினர் 12 வாரம் அதே 26 ஆசனங்களைச் செய்தார்கள்; ஒரு பிரிவினர் சூடான அறையில், இன்னொரு பிரிவினர் சாதாரண அறையில். ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் இரு பிரிவினருக்கும் மேம்பட்டது. அதற்குச் சூடு காரணம் அல்ல, ஆசனமே காரணம் என்பது தெளிவானது. ஒரு வகுப்பில் ஆயிரம் கலோரி கரையும் என்ற பேச்சும் அளவீட்டில் நிற்கவில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரையன் டிரேசி கண்டது: 90 நிமிடத்தில் ஆண்களுக்குச் சராசரியாக 460, பெண்களுக்கு 330 கலோரி. வகுப்பு முடிந்ததும் எடை மெஷினில் குறைந்து தெரிவது வெறும் நீர்.

அந்த எடை மெஷினுக்கு வேறொரு நல்ல பயன் உண்டு. வகுப்புக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்த்தால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பது தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இழந்தால் இதயத்துக்குச் சுமை கூடும், கவனம் தளரும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 1.2 கிலோ. சூடான அறையில் ஒன்றரை மணி நேரத்தில் அவ்வளவு இழப்பது சாதாரணம்.

எப்போது, எவ்வளவு குடிக்க வேண்டும்? வகுப்புக்குப் பத்து நிமிடம் முன் ஒரு பாட்டிலை மடமடவென்று காலி செய்வதால் பயனில்லை; வயிறுதான் கனக்கும். சுமார் நான்கு மணி நேரம் முன்பிருந்தே, எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி வீதம், நிதானமாகக் குடிக்கலாம் என்று விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடைக்கு அது 300 முதல் 420 மில்லி. வகுப்பின்போது தாகத்துக்கு ஏற்றபடி சிறு சிறு மிடறுகள். முடிந்த பிறகு, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, ஒரேயடியாக இல்லாமல் சில மணி நேரத்தில் பரப்பிக் குடிப்பது நல்லது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியான நிலை. அடர் மஞ்சளாக இருந்தால் அன்று சூடான அறைக்குள் போகவே வேண்டாம்.

தண்ணீர் அதிகமானாலும் ஆபத்து. வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. போன உப்பை ஈடு செய்யாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கக்கூடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பிக்ரம் வகுப்புக்குப் பிறகு அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வலிப்பு கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஆரோக்கியமான இளம்பெண் ஒருவரைப் பற்றியும் 2012-இல் பிரிட்டன் மருத்துவ இதழ் பதிவு செய்தது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அறிகுறிகள் நீரிழப்பைப் போலவே இருப்பதால், பக்கத்தில் இருப்பவர் ‘இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க’ என்று கொடுத்து ஆபத்தைக் கூட்டிவிடக்கூடும்.

இதற்கு மருந்து தமிழ்ச் சமையலறையிலேயே இருக்கிறது. வளைகுடாவில் எந்த பகாலாவிலும் (மளிகைக் கடையிலும்) கிடைக்கும் லபன் என்ற மோர் பாட்டிலை வாங்கி, இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, உப்பு போட்டு, பெருங்காயமும் கிள்ளிய கறிவேப்பிலையும் சேர்த்து ஆற்றினால் அசல் நீர்மோர். துபாயின் கராமாவிலும் ஷார்ஜாவிலும் தமிழ் வீடுகளில் கோடைக்காலம் முழுக்க ஃபிரிட்ஜில் ஒரு ஜக் இருக்கும். உப்பும் நீரும் கொஞ்சம் புரதமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அதிகம் வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். இன்னும் நல்லது. குளுக்கோஸும் உடன் இருந்தால் குடல் சோடியத்தையும் நீரையும் விரைந்து உறிஞ்சும் என்பதே அதன் சூட்சுமம். 1971-இல் வங்கதேச அகதி முகாமில் காலராவுக்கு எதிராக மருத்துவர் திலீப் மகலநாபிஸ் கையில் எடுத்த ஆயுதம் அதுதான். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதைக் குடித்தால் கூடவே உப்பிட்ட எதையாவது சாப்பிட வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் எவ்வளவு சரியாகக் குடித்தாலும், தண்ணீர் ஹீட் ஸ்ட்ரோக்கைத் தடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. இங்குதான் அமீரகத்துக் கட்டுமானத் தொழிலாளர்களிடம் யோகா அறை கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கிரஹாம் பேட்ஸ், ஜான் ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் அமீரகக் கோடையில் கட்டுமானத் தொழிலாளர்களின் உடல்நிலையை அளந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். போதிய நீர் கிடைத்து, வேலையின் வேகத்தைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்குக் கடும் வெப்பத்திலும் உடல் நிலைகுலையவில்லை. நீர் பாதி என்றால், வேகம் தன் கையில் இருப்பது மறு பாதி.

யோகா அறையில் அந்த மறு பாதிதான் பறிபோகிறது. முதல் இருபது நிமிடத்துக்குத் தண்ணீர் கூடாது, நடுவில் வெளியே போகக் கூடாது என்று சில வகுப்புகளில் இன்னும் சொல்கிறார்கள். எதிரே கண்ணாடி; பக்கத்துப் பாயில் இருப்பவர் அசையாமல் நிற்கிறார்; தான் மட்டும் உட்காருவதா என்ற கூச்சம். மயக்கம் வருவதுபோல் இருக்கும் ஒருவரை இந்தக் கூச்சம்தான் இன்னும் பத்து நிமிடம் நிற்க வைக்கிறது. அறையைவிட்டு வெளியேறும் உரிமையை ஆசிரியர் வகுப்பின் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஏற்றபடிதான் பயிற்சி என்பது சென்னையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் பல்லாண்டுகளாகச் சொல்லித் தரப்படும் பாடம்.

வளைகுடா வாழ்க்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘நாங்க துபாய் வெயிலையே பார்த்தவங்க’ என்று பலர் சொல்வார்கள். உண்மையில் ஏசி வீடு, ஏசி கார், ஏசி ஆபீஸ் என்று வாழ்பவரின் உடல் வெப்பத்துக்குப் பழகவே இல்லை. பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டில் இயங்க வேண்டும். அப்போதுதான் வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீரளவு கூடும். புதிதாக வெயில் வேலைக்கு வருபவரை முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வேலை செய்யவிட்டு, தினம் அதே அளவு கூட்டுங்கள் என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. யோகாவுக்கும் அது பொருந்தும். முதல் நாளே முழு வகுப்பு வேண்டாம். ஊருக்கு லீவில் போய் ஒரு மாதம் கழித்து வந்தவரும் புதியவரைப்போலவே தொடங்க வேண்டும்.

சிலர் சூடான அறையைத் தவிர்ப்பதே நல்லது. கர்ப்பிணிகள் முதலில். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு, கர்ப்ப காலத்தில் ஹாட் யோகா வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதே சென்னைக் குழு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதித்தபோது, ஏழு சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. தினமும் வெப்பமும் நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், மனநல மருந்து எடுப்பவர்கள் எல்லோரும் மருத்துவரைக் கேட்காமல் சேரக் கூடாது. ரமலான் நோன்பு இருப்பவர்கள் பகல் வகுப்பை விட்டுவிட்டு, இஃப்தாருக்குப் பின் நீர் அருந்தி, சாதாரண அறையில் செய்யலாம்.

ஆபத்து வந்தால் அடையாளம் காண்பது எப்படி? தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, படபடப்பு இவை முதல் எச்சரிக்கை. உடனே வெளியே வந்து, குளிர்ந்த இடத்தில் காலைச் சற்று உயர்த்திப் படுக்க வேண்டும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று காத்திருக்கக் கூடாது. உடற்பயிற்சியால் வரும்போது வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். அமீரகத்தில் 998-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை உடலைக் குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த நீர்த் தொட்டி இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்து, கழுத்து வரை இறக்குவதே மிக விரைவான வழி. இல்லையென்றால் உடல் முழுக்க நீரைத் தெளித்து விசிற வேண்டும். இந்த இரண்டாவது முறையை மருத்துவமாக வளர்த்ததில் வளைகுடாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹஜ் யாத்திரிகர்களைக் காப்பாற்ற, குவைத் பல்கலைக்கழகத்தின் முஸ்தஃபா கோகாலியும் பிரிட்டிஷ் உடலியலாளர் வைனரும் நுண் தூவல் நீரும் காற்றும் கொண்ட குளிரூட்டும் படுக்கையை உருவாக்கி, 1980-இல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு உதவாது.

வகுப்பு முடிந்ததும் நேரே காருக்கு ஓடுவதும் தவறு. வெயிலில் நின்ற கார் யோகா அறையைவிடக் கொதிக்கும். வரவேற்பறையில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, உடல் ஆறி, கொஞ்சம் மோர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். கோடையில் சூடான வகுப்பை வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைத்து, மற்ற நாளில் சாதாரண அறையில் செய்தால் பலன் குறையாது. ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் விண்மீன் தென்படத் தொடங்கினால் வெயில் தணியப்போகிறது என்பது அரபு மக்களின் பழைய கணக்கு. நாம் அகத்திய நட்சத்திரம் என்று சொல்வதும் அதுவே. புதிதாகத் தொடங்க நினைப்பவர் அதற்குப் பிறகு, அக்டோபர் வாக்கில் சேர்வது நல்லது.

சேர்வதற்கு முன் நிலையத்தில் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு, அவற்றைக் காட்டும் கருவி மாணவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா? நினைத்தபோது தண்ணீர் குடிக்கலாமா, வெளியே போகலாமா? ஆசிரியருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா, ஒரே நாளில் அவர் எத்தனை வகுப்பு எடுக்கிறார்? ஐஸும் குளிர்நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? பணம் கட்டுவதற்கு முன் உடல்நிலைப் படிவம் நிரப்பச் சொல்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.